அப்பாவின் சாண்ட்ரோவைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்த அனுபவம்

அப்பா 2001 ஜூனில் வாங்கிய ஹூண்டாய் சாண்ட்ரோவின் பதிவு, 2016-இல் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டு, 2021 ஜூனில் காலாவதியானது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். அவருக்குப் பின் வீட்டில் கார் ஓட்டுவார் எவரும் இல்லாததால், வண்டி குரோம்பேட்டை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிச் செல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. 2025 அக்டோபரில் அதை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் உள்ள, அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையம் ஒன்றில் ஒப்படைத்தோம். இதே நிலையில் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கு உதவும் என்பதற்காக, அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

புதுப்பித்துவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தோம். 2022 மார்ச் வரை 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம், அந்த ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ரூபாயாகிவிட்டது. இவற்றோடு காப்பீடு, புகைச் சான்றிதழ், நான்கு டயர்கள், பிரேக், துருப்பிடித்த பெட்ரோல் டேங்க் என்று மெக்கானிக் போட்டுக் கொடுத்த கணக்கைப் பார்த்த பிறகு, அம்மாவே "போதும், அனுப்பிவிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்ததாக, தெரிந்தவர் மூலம், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து பார்த்து, 26,000 ரூபாய் ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். மரியாதையாகப் பேசினார், எந்தப் பாகம் இன்னும் எவருக்குப் பயன்படும் என்பதை அவரைப் போல அறிந்தவர்கள் குறைவு. ஆனால் ஆர்.சி.யை எப்படி ரத்து செய்வது என்று கேட்டபோது, "அது உங்களிடமே இருக்கட்டும் மேடம், எங்களுக்குத் தேவையில்லை" என்றார். அந்த ஒரு பதிலால்தான் அவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டேன்.

வண்டி துண்டு துண்டாகிவிட்டாலும், அரசின் 'வாகன்' என்னும் கணினிப் பதிவேட்டில் அது அப்பாவின் பெயரில் இருந்துகொண்டேதான் இருக்கும். வண்டி அழிக்கப்பட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. வண்டியை உடைக்காமல் வேறு எவருக்காவது விற்று, அது விபத்தில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். வண்டி கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒரு காவல் நிலையப் படியும் ஏறாத மனிதரின் பெயரை அப்படி ஒரு நிலையில் விட்டுவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பதிவு பெற்ற நிலையங்கள் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி இயங்குகின்றன. விண்ணப்பத்தை இணையத்தில் அளித்ததும், வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா, வங்கிக் கடன் பதிவு நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்களுக்குச் சிக்கல் வந்தது இங்கேதான். அப்பா 2005-லேயே கடனை முழுமையாக அடைத்துவிட்டார்; ஆனால் ஆர்.சி.யில் அடமானப் பதிவு நீக்கப்படாமலேயே இருந்தது. வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும், வங்கியின் கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை நீக்கி முடிப்பதற்குள் ஆறு வாரங்கள் ஓடிவிட்டன. உரிமையாளர் உயிருடன் இல்லாததால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஆகியவற்றையும் கேட்டார்கள். தேவையான தாள்களின் பட்டியலை நிலையத்தின் அலுவலர் முதல் நாளே முழுமையாக அனுப்பிவைத்தார் என்பதையும், பின்னர் ஒரு தாளைக்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை என்பதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியைக் கடனில் வாங்கியிருந்தால், வேறு எதற்கும் முன்னால் ஆர்.சி.யின் அந்தப் பகுதியைப் பாருங்கள்.

குறித்த நாளில் பிளாட்பெட் லாரி வந்தது. நாங்களும் பின்னால் ஆட்டோவில் தாம்பரம் வரை போய், அங்கிருந்து பேருந்தில் சென்றோம். வழியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையைக் கடந்தபோது, இந்த வண்டி அந்த வாயிலிலிருந்து புறப்பட்ட வண்டிதானே என்று தம்பி சொன்னான். நிலையத்தில் எங்களை வாசலோடு அனுப்பிவிடாமல், தலைக்கவசம் கொடுத்து உள்ளே நின்று பார்க்க அனுமதித்தார்கள். எடுத்தவுடன் வெட்டுவதில்லை. பேட்டரி இருந்தால் அதைக் கழற்றிய பிறகு பெட்ரோல், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கலன்களில் வடிக்கிறார்கள்; ஏ.சி. வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் ஓர் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கிறார்கள். கீழே எண்ணெய் மண்ணில் இறங்காதபடி சிமென்ட் தளம் போட்டு, ஓரமெங்கும் வடிகால் அமைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு காயலான்கடை வாசலில் பல ஆண்டுகளாகக் கறுத்துக் கிடக்கும் மண்ணைப் பார்த்திருப்பதால், இந்த ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் பட்டது. கடைசியாக சேசிஸ் எண் பொறித்த தகட்டுப் பகுதியை எங்கள் கண்முன்னே வெட்டி எடுத்து, அடையாளச் சீட்டு கட்டினார்கள். உடைப்புச் சான்றிதழ் வழங்கிய பிறகும் அதை ஆறு மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. வேறொரு வண்டியில் அந்த எண் மறுபிறவி எடுக்காமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பண விஷயத்தில்தான் எனக்குக் குறை இருக்கிறது. வண்டியின் எடையையும் அன்றைய இரும்பு விலையையும் வைத்துத் தொலைபேசியில் 19,500 ரூபாய் என்றார்கள். வங்கிக் கணக்கில் வந்ததோ 15,000 ரூபாய். லாரி வாடகைக்கு 3,000 ரூபாயும், பழைய பேட்டரியும் ஸ்டெப்னியும் இல்லாததற்காக 1,500 ரூபாயும் கழித்திருக்கிறார்கள். கழித்தது நியாயமாகவே இருக்கலாம்; ஆனால் வண்டியை ஏற்றும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும், எழுத்திலும் தந்திருக்க வேண்டும். ரசீதைக் கேட்டபோது அலுவலர் வருத்தம் தெரிவித்தார், தொகை மாறவில்லை. ஆகவே நீங்கள் போவதானால், வாடகையும் கழிவுகளும் போக எவ்வளவு கையில் வரும் என்பதை மின்னஞ்சலில் பெற்ற பிறகே நாள் குறியுங்கள். புதுப்பேட்டைக்காரர் சொன்ன தொகைக்கும் இதற்கும் 11,000 ரூபாய் வித்தியாசம் இருப்பதை நான் மறைக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை என்பதால், அங்கே போகிறவர்களைக் குறைசொல்லவும் மாட்டேன். இந்தத் தூரத்தைக் குறைக்கும் பொறுப்பு நிலையங்களுக்கும் அரசுக்கும் இருக்கிறது.

வண்டியை நிலையத்தார் பெற்றுக்கொண்ட அன்றே, அதை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியான வைப்புச் சான்றிதழ் கிடைத்தது. இதைக் காட்டிப் புதிய கார் வாங்குபவருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு 25 சதவீதம் வரை சலுகை தரவும் மத்திய விதிகள் இடமளிக்கின்றன. நாங்கள் புதிய கார் வாங்கப் போவதில்லை. இந்தச் சான்றிதழை இணையவழியில் வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்பதால், இது வேண்டுமென்று கேட்டிருக்கும் சித்தப்பா மகனுக்காக வைத்திருக்கிறோம்.

உடைப்புச் சான்றிதழ் வர மேலும் மூன்று வாரங்கள் ஆயின. இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்ட வேண்டியிருந்தது. அது கையில் வந்த மறுவாரம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பதிவு ரத்து செய்யப்பட்டதாகக் காட்டியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அப்பா 2001-லிருந்து வண்டிக்கான ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்த நீல நிறக் கோப்பில், கடைசித் தாளாக அம்மா வைத்தார்.