எட்டு ஆண்டுகள், நாற்பது சரக்குப் பெட்டிகள்: எந்தப் பூச்சு நின்றது, எது உதிர்ந்தது

எச்.ஓ. அளவு எனப்படும் 1:87 விகித (உண்மையானதில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயில் சரக்குப் பெட்டிகளுக்கு வண்ணம் பூசி, துருவும் தூசியும் வெயிலில் வெளுத்த சாயலும் கொண்டுவரும் வேலையை எட்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதுவரை நாற்பது பெட்டிகளை முடித்திருக்கிறேன். பூசி முடித்த அன்று எந்தப் பெட்டியும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். தண்டவாளத்தில் ஓடி, பலமுறை கைபட்டு, டப்பாவுக்குள் போய்வந்து, சில ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த நிறைவு மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு என் அலமாரியில் உள்ள பெட்டிகள் தரும் விடையை இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை வண்ணத்துக்குத் தொடக்கம் முதலே அக்ரிலிக் பெயின்டைத்தான் பயன்படுத்துகிறேன். 0.3 மில்லிமீட்டர் முனை கொண்ட ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி), 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில், பால் போல் நீர்த்த வண்ணத்தை மூன்று நான்கு மெல்லிய படலங்களாக அடிக்கிறேன். முதல் ஆண்டில் ஒரே தடவையில் நிறம் நிரம்ப வேண்டும் என்ற அவசரத்தில் தடிமனாக அடித்தேன். படலம் 0.05 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தாலே, உண்மையான பெட்டியின் அளவில் அது 4 மில்லிமீட்டருக்கும் மேல் வரும். ரிவெட்டுகளின் (தகடுகளை இணைக்கும் ஆணித்தலைகள்) விளிம்பு மழுங்கிப்போவதற்கு அதுவே போதும். அந்த முதல் ஐந்து பெட்டிகள் பொம்மை போலத்தான் தெரிந்தன. அவற்றின் மேல் எவ்வளவு துருவைத் தீட்டினாலும் அந்தக் குறை மறையவில்லை. பூசுவதற்கு முன் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த நீரில் கழுவி உலர்த்திய பெட்டிகளில் ஒன்றில்கூட வண்ணம் உரியவில்லை. ஏணி, கைப்பிடி போன்ற சிறு பாகங்கள் அசிட்டால் என்னும் வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்தால் நிலைமை வேறு. பிளாஸ்டிக்குக்கான பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகும், விரல் பட்டு வளையும் இடங்களில் அவற்றின் பூச்சு உதிரத்தான் செய்கிறது.

எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கால்களை (அச்சிட்ட மெல்லிய படலங்கள்), முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிட்டு அதன்மேல் ஒட்டுவதே சரி. சொரசொரப்பான மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி நிற மினுக்கம் தெரியும். மென்மையாக்கும் திரவம் தடவி, ஊசியால் நுண்ணிய துளையிட்டு ஓரளவு சரிசெய்யலாம், முழுவதும் போகாது.

இனி, பழமைச் சாயலைத் தரும் பொருள்களுக்கு வருகிறேன். பிக்மென்ட் தூள்கள் (உலர்ந்த நிறப்பொடிகள்) முதல் பார்வையில் மனத்தைக் கவர்பவை. மென்மையான தூரிகையால் தடவியவுடன், பல மாதங்கள் பாதையில் ஓடிய புழுதி அப்படியே வந்துவிடும். ஆனால் அதன்மேல் காப்புக்காக மேட் வார்னிஷ் அடித்தால் தூளின் பாதிச் சாயல் கரைந்துபோகும். அடிக்காமல் விட்டால், பெட்டியை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் விரல் தடம் பதியும். தடவுவது, மெல்லிய வார்னிஷ் அடிப்பது, மறுபடியும் தடவுவது என்று இரண்டு மூன்று சுற்று செய்த பெட்டிகள்தான் ஐந்து ஆண்டுகளாக மாறாமல் இருக்கின்றன.

இந்தத் தூளை ஆல்கஹாலில் கலந்து பூசியபோது எனக்கு ஒரு பெரிய அதிர்ச்சி ஏற்பட்டது. கறுப்பு நிற நிலக்கரி ஹாப்பர் (சரக்கை அடிவழியே கொட்டும் பெட்டி) ஒன்றுக்கு லாக்கர் வகை (விரைவில் உலரும் கரைப்பான் கலந்த) மேட் பூச்சு அடித்து, மறுநாள் இரவு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கலந்த துருத் தூளை அதன்மேல் தடவினேன். ஈரமாக இருந்தவரை அற்புதமாக இருந்தது. உலர உலர, ரிவெட் வரிசைகளின் ஓரத்தில் தொடங்கி, பக்கவாட்டுத் தகடு முழுவதும் பால் சிந்தியது போல் வெளுத்துவிட்டது. மூன்று வார உழைப்பு வீணாகிவிட்டது என்றே நினைத்தேன். அதே லாக்கரை மீண்டும் ஒரு மெல்லிய படலமாக அடித்தபோது வெண்மை மறைந்து கறுப்புத் திரும்பியது. அன்று முதல் லாக்கர் மேட் பூச்சின் மேல் ஆல்கஹால் படவிடுவதில்லை.

இத்தனை முறைகளிலும் என் முழு நம்பிக்கையைப் பெற்றது, ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்ட்தான். பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கு குழாய்களே எட்டு ஆண்டுகளாகப் போதுமானவையாக இருந்திருக்கின்றன. பெயின்டை ஓர் அட்டைத் துண்டில் பிதுக்கி, அதிகப்படியான எண்ணெயை அட்டை உறிஞ்சும்வரை காத்திருந்தால், உலர்ந்தபின் மினுமினுப்பு இராது. பற்குச்சி முனையால் ஒரு ரிவெட்டின் மேல் புள்ளி வைத்து, மினரல் ஸ்பிரிட்டில் (ஆயில் பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்துத் துடைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால், மழைநீரோடு வழிந்த துரு போல் ஒரு கோடு விழும். கீழே வரவர அது தானாகவே மெலியும். பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்துக்கூட அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். உலர இரண்டு மூன்று நாள்கள் ஆகும் என்பது மட்டுமே சிரமம். ஆறு ஆண்டுகளுக்கு முன் இழுத்த கோடுகளில் எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை.

பொருள் எதுவானாலும், கறை எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரியாமல் தூரிகையை எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சக்கரங்கள் வாரி இறைக்கும் அழுக்கு, பெட்டியின் முன்பின் சுவர்களில் சக்கரத்துக்கு நேர் மேலே இரண்டு செங்குத்துப் பட்டைகளாகப் படியும். சிமென்ட் ஏற்றும் மூடிய ஹாப்பரில் மேல் மூடிகளைச் சுற்றிச் சாம்பல் நிற வழிசல் இருக்கும். நிலக்கரிப் பெட்டியின் உட்புறத்தில் வண்ணம் தேய்ந்து, சரக்கு உரசிச் சரியும் சாய்தளத் தகடு வழவழப்பாக மின்னும். பழைய உராய்வு பேரிங் (சக்கர அச்சைத் தாங்கும், எண்ணெயிட்ட பாகம்) கொண்ட பெட்டியின் சக்கர முகம், கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். ரோலர் பேரிங் கொண்டதன் சக்கரமோ காய்ந்த துருப்பழுப்பாக இருக்கும். பெட்டியின் எண்ணை ஊழியர்கள் படித்தாக வேண்டுமென்பதால், சுற்றிலும் அழுக்கேறியிருந்தாலும் அந்த இடம் மட்டும் துடைக்கப்பட்டுத் தெளிவாக இருப்பதுண்டு. இந்தச் சிறு சுத்தமான கட்டத்தை விட்டுவைத்த பெட்டிகள்தான் என்னிடமிருப்பவற்றிலேயே மிகவும் உயிரோட்டமானவை.

சக்கர முகத்துக்கு வண்ணம் பூசும்போது தண்டவாளத்தில் உருளும் பரப்பிலும் ஆக்சில் கூர்முனையிலும் படக்கூடாது. பட்டால் ஓட்டம் கெடும். கப்ளரின் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) அசையும் பகுதிக்கு பெயின்டைத் தவிர்த்து, உலர்ந்த கிராஃபைட் தூளை மட்டும் இடுகிறேன். நிறத்தைப் பணிமேசை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மாடல் ஓடும் இடத்தின் விளக்கொளியிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பது அவசியம். மேசையில் பழுப்பாக இருந்த துரு அங்கே ஆரஞ்சாகத் தெரிந்து, இரண்டு பெட்டிகளை நான் திரும்பப் பூச நேர்ந்தது.

ரிவெட் மழுங்கிய அந்த முதல் ஐந்து பெட்டிகளில் இரண்டின் வண்ணத்தைச் சென்ற மாதம் முழுமையாக நீக்கிவிட்டேன். ஒன்றுக்கு அடிப்படை வண்ணம் ஏறிவிட்டது; பளபளப்பு வார்னிஷ் உலர்ந்ததும் அதற்கு டீக்கால் ஒட்டத் தொடங்குவேன்.