பூம்புகாரா, தரங்கம்பாடியா: நினைத்துப் போவதும் நேரில் நிற்பதும்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கையில் எப்படியும் அரை நாள் மிஞ்சும். கடற்கரைப் பக்கம் போய்வரலாம் என்று பேச்செடுத்தால் வண்டிக்காரர் இரண்டு பெயர் சொல்வார்: பூம்புகார், தரங்கம்பாடி. இரண்டும் மயிலாடுதுறை மாவட்டம்தான். இடையே சாலை வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டையும் அரை நாளுக்குள் திணித்தால் இரண்டுமே மனதில் நிற்காது. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் தரங்கம்பாடியை எடுங்கள். பூம்புகாரின் பெருமை ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை. ஆனால் அந்தப் பெருமையை நம்பிப் போகிறவர்களுக்குத்தான் அங்கே ஏமாற்றம் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், நாளங்காடி, அல்லங்காடி என்று படித்தவர் மனதில் ஒரு நகரம் இருக்கும். பேருந்தை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது சிலப்பதிகாரக் கலைக்கூடம். ஏழு நிலை மாடமாக உயர்ந்து நிற்கும் அது 1973-ல் திறந்த கட்டடம். சோழர் காலத்தது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு. அதை அதன் காலத்து வேலையாகப் பார்த்தால் மதிப்பு கூடும். கோவலன், கண்ணகி கதையைச் சுவர்ச் சிற்பங்களில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கைப்பிடித்துச் சுற்றி வந்தாலே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடலாம். சீரமைப்பு வேலை நடக்கும் காலத்தில் உள்ளே விடமாட்டார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஏமாற்றம் காவிரி. குடகிலிருந்து இத்தனை தூரம் வந்த ஆறு கடலில் சேரும் இடம் அகண்டு விரிந்து கிடக்கும் என்று எதிர்பார்ப்போம். அங்கே இருப்பது ஒரு வாய்க்கால் அகலம்தான். காரணம் மேலே இருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. அதற்குக் கீழே கிளையாறும் வாய்க்காலுமாகப் பிரிந்து பிரிந்து தண்ணீர் வயலுக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் அதைச் சுமப்பது கொள்ளிடம். அது பழையாறு பக்கம் கடலில் சேர்கிறது. மேலையூர் கடையணையைத் தாண்டிப் பூம்புகாருக்கு வருவது பாசனத்துக்குப் போக மிஞ்சியது மட்டுமே. டெல்டாவின் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அந்தச் சின்ன முகத்துவாரமே சாட்சி. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. பிப்ரவரி முதல் மே வரை போனால் மணலும் தேங்கிய நீரும்தான் கிடைக்கும். திறந்த அன்றே தண்ணீர் வந்துவிடாது, கடைமடைக்கு எட்டப் பல நாள் ஆகும். மழை பொய்த்து அணை திறக்கத் தாமதமான வருடத்தில் ஆடிப்பெருக்குக்குக்கூட ஆறு வறண்டு கிடக்கும்.

சரி, பழைய நகரம் எங்கே? இந்த ஒப்பீட்டையே முடிவு செய்கிற கேள்வி இதுதான். பூம்புகாரில் உண்மையான தடயங்கள் இருக்கின்றன. 1960-களில் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது கீழையூரில் செங்கல் படகுத்துறை வெளிப்பட்டது. படகு கட்ட நட்ட மரத்தறிகளும் கூடவே கிடைத்தன. அந்த மரத்தின் வயதை அளந்து கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தையது என்றார்கள். வானகிரியில் நீர்த்தேக்கம் ஒன்று கிடைத்தது. பல்லவனேச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும், புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. சிக்கல் என்னவென்றால் இவை எதுவும் கடற்கரையில் இல்லை. ஒன்று சாலையோரம், ஒன்று ஊருக்குள், இன்னொன்று ஆற்றுக்குத் தெற்கே. நடந்து இணைக்கக்கூடிய தூரமில்லை, ஆட்டோ வேண்டும். ஆட்டோக்காரரிடம் “படகுத்துறை” என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவார். “தொல்லியல் துறை தோண்டுன எடம், கீழையூர்ல” என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்தாலும் வேலிக்குள் முழங்கால் உயரச் செங்கல் வரிசைதான் தெரியும். முன்பே படித்துவிட்டு வந்தவருக்கு அது பொக்கிஷம். கூட வந்த மற்ற ஐந்து பேருக்கும் அது ஒரு பள்ளம்.

கடலுக்கடியில் நகரம் என்று காணொளி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரையிலிருந்து ஒன்றும் தெரியாது, படகில் போனாலும் தெரியாது. கடலாய்வில் கிடைத்தவற்றைப் பார்க்க விரும்பினால் அங்கேயே 1997-ல் தொடங்கிய ஆழ்கடல் அகழ்வைப்பகம் இருக்கிறது. சிறியதுதான், அரை மணி நேரம் போதும்.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களின் எதிர்பார்ப்பு வேறு மாதிரி. புதுச்சேரி போல இருக்கும் என்று நினைத்து வருவார்கள்: வெள்ளைக்காரர் ஊர், வரிசையாக உணவகங்கள், மாலையில் கூட்டம். அப்படி எதுவும் கிடையாது. நுழைவாயில் வளைவைத் தாண்டினால் ஒரு நேர் வீதி, அதன் முடிவில் கடல். மொத்தமே அரை கிலோமீட்டர் சொச்சம். ஏழு மணிக்கு மேல் வீதியில் ஆள் நடமாட்டம் அடங்கிவிடும். கடை, காபி, கொண்டாட்டம் தேடுகிறவர்கள் இங்கே வர வேண்டாம்.

ஆனால் அந்த அரை கிலோமீட்டருக்குள் இருப்பதைப் பாருங்கள். வாயில் 1792-ல் கட்டியது. உச்சியில், அன்று ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் (டென்மார்க் நாட்டவர்) அரச முத்திரை இருக்கும். உள்ளே ராஜா வீதியிலேயே சீயோன் ஆலயம் (1701), புது எருசலேம் ஆலயம் (1718). இரண்டாவது ஆலயத்துக்குள் பீடத்தருகே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706-ல் கப்பலில் வந்து இறங்கி, இங்கே தமிழ் படித்து, அச்சகம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். தமிழ் எழுத்து காகிதத்தில் ஏறிய வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் இந்த ஒரு கல்லுக்காகவே வரலாம். வீதி முடிந்ததும் வெட்டவெளித் திடல், அதற்கப்பால் டேனிஷ் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்த அனுமதியின்பேரில் எழுப்பியது. கீழே கிடங்கு, சமையலறை, சிறை, மேலே ஆளுநர் தங்கிய அறைகள். மேல்தளத்தின் வளைவுக் கூரையைத் தலைநிமிர்த்திப் பாருங்கள், செங்கல்லும் சுண்ணாம்பும்தான். உள்ளே இருக்கும் காட்சியகத்தில் பீங்கான், நாணயம், துருப்பிடித்த ஆயுதங்கள், திமிங்கில எலும்பு என்று கலந்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எப்படி மிஞ்சியது? ஊர் வளராமல் நின்றதால். 1845-ல் டேனிஷ்காரர்கள் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சில வருடம் தஞ்சை மாவட்டத் தலைமையிடமாக இருந்து, அதுவும் 1860-ல் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்து ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வணிகமும் அங்கே போய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து பின்னாளில் வந்த ரயில் பாதையையும் 1980-களில் மூடிவிட்டார்கள். இடித்துக் கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. அதனால் வீதி அப்படியே நின்றது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது கோட்டைக்கு வடக்கே அலையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது, 1306-ஐ ஒட்டியது. கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல் குவியலுக்குள்ளே கோயில் கற்களும் கலந்து கிடக்கின்றன. கொட்டிய கல் கரடுமுரடாக, கூர்மூலையோடு இருக்கும். கோயில் கல்லில் உளி பட்ட நேர்விளிம்பு இன்னும் தெரியும், மேலே பச்சைப் பாசி ஏறியிருக்கும். கடல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் கோட்டைப் பக்கக் கரையிலும் பழைய செங்கல் கட்டுமானத்தின் மிச்சம் நீருக்குள் தெரியும். கடல் ஒரு ஊரை எப்படித் தின்னும் என்பதைப் பூம்புகாரில் பிறர் வாயால் கேட்கலாம். இங்கே கண்ணால் பார்க்கலாம். புகார் நகரம் எப்படிப் போயிருக்கும் என்று புரிந்துகொள்ளத் தரங்கம்பாடிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. என் கணக்கில் தராசு சாய்வது இந்த இடத்தில்தான். விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை, படித்துவிட்டு வரவும் தேவையில்லை, எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே நடையில் பார்த்து முடிக்கலாம்.

இங்கேயும் தவறுகிற இடங்கள் உண்டு. முதலாவது வெள்ளிக்கிழமை. மாநிலத் தொல்லியல் துறைக் காட்சியகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை. முகூர்த்தம் வெள்ளியில் விழுந்து, மதியம் கோட்டைக்கு ஓடிவந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். இரண்டாவது, ஆலயங்கள் ஆராதனை நேரம் தவிரப் பூட்டியிருக்கலாம். பக்கத்தில் கேட்டால் சாவி வைத்திருப்பவர் வந்து திறந்துவிடுவார். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்க நுழையாதீர்கள். மூன்றாவது நிழல். திடலில் மரம் இல்லை. மார்ச்சிலிருந்து பத்து மணிக்கே சுடும், கடற்காற்று ஏற மதியம் ஆகும். அதனால் சூரியன் எழும் நேரத்துக்கே கரையில் இருங்கள். கோயிலையும் வீதியையும் ஒன்பதுக்குள் முடித்து, நடுவில் வாயிலுக்கு வெளியே போய்ச் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டு, பத்து மணி வாக்கில் கோட்டை. வேனை வாயிலுக்கு வெளியே விட்டு நடந்தே வாருங்கள், வீதியின் அழகே அதில்தான். தடுப்புக் கற்கள் மீது ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும்.

குளிப்பதற்கு இரண்டு ஊருமே சரியில்லை. பூம்புகாரில் ஆறும் கடலும் மோதும் இடத்தில் அடியில் இழுப்பு இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. சங்கமத்தில் தர்ப்பணம் செய்கிறவர்கள் முழங்கால் நீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழையும் புயல் சின்னமும் மாறி மாறி வரும், அப்போது இரண்டு ஊரையுமே தவிர்த்துவிடலாம். பொங்கலுக்குப் பிந்தைய ஐந்தாறு வாரம்தான் நல்ல பருவம்.

சாப்பாட்டில் பூம்புகாருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். கரையிலேயே மீன் வறுவல் கடைகள் உண்டு. தரங்கம்பாடி வீதிக்குள் வயிறு நிறைய மதியச் சாப்பாடு கிடைப்பது சிரமம். பொறையாறுக்கோ, சைவம் என்றால் திருக்கடையூருக்கோ போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் “இன்னைக்குப் புடிச்சது” என்று சொல்லும் பெரிய மீனை யோசித்து வாங்குங்கள், நாட்டுப்படகு மீன் சிறியதாகத்தான் இருக்கும். தங்குவதற்குத் திருக்கடையூர் வசதி. ஆனால் முகூர்த்த நாளில் ஒரு அறைகூடக் கிடைக்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அன்று முகூர்த்தம் என்றால் காரைக்காலில் அறை பிடியுங்கள், தரங்கம்பாடியிலிருந்து அதிக தூரமில்லை.

பூம்புகாரை யாருக்குச் சொல்வேன்? சொந்தமாக இருசக்கர வண்டி உள்ளவர்களுக்கு, முழு நாள் கையில் இருப்பவர்களுக்கு, செங்கல் வரிசையைப் பார்த்தாலே மனம் நிறைகிறவர்களுக்கு. அவர்கள் கடற்கரையில் தொடங்கக் கூடாது. மேலையூர் கடையணையில் வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பாருங்கள். பிறகு கீழையூர், பல்லவனேச்சரம், அகழ்வைப்பகம் என்று வந்து, வெயில் தணிந்ததும் மாடம், கடைசியில் முகத்துவாரம். அந்த வரிசையில் போனால் ஆறு தேய்ந்து தேய்ந்து கடலில் முடிவது தெரியும், ஊரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். சித்ரா பௌர்ணமி, ஆடி 18, தை அமாவாசை மூன்றுக்கும் கூட்டம் நெரியும். தொல்லியலுக்கு வருகிறவர்கள் அந்த நாட்களை விட்டுவிடுங்கள். விழாவுக்கென்றே வருகிறவர்களுக்கு அந்தக் கூட்டம்தான் ஊர், அன்றைக்குத் தரங்கம்பாடி அதற்கு ஈடாகாது.

திருவெண்காடும் பட்டியலில் இருந்தால் பூம்புகாரோடு சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில்தான். நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் வைத்துக் கோயிலைக் காலையில் முடித்துவிட வேண்டும். அங்கே புதையலாகக் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனியைத் தேடி வருகிறவர்கள் கவனியுங்கள்: அது கோயிலில் இல்லை, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது.