எழும்பூரா, தி.நகரா, திருவல்லிக்கேணியா: சென்னையில் எங்கே ரூம் போடுவது?

மதுரையிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சென்னைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்குக் கண் பரிசோதனை, அக்கா மகள் கல்யாணத்துக்கு ஜவுளி, ஏதாவது ஒரு கல்யாண வரவேற்பு என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கலாம்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராகக் கேளம்பாக்கம், மாங்காடு, குன்றத்தூர் என்று குடிபோய்விட்டார்கள். அங்கே தங்கினால் தினமும் காலையில் சென்னைக்குக் கிளம்புவதே இன்னொரு வெளியூர்ப் பயணம்.

ஆக, லாட்ஜ்தான். எந்தப் பேட்டையில் என்பதுதான் வீட்டில் ஒவ்வொரு தடவையும் நடக்கிற வாக்குவாதம். என் மனைவிக்குத் தி.நகர். என் மைத்துனர் வடபழனிக் கட்சி. எனக்கு இளவயதில் திருவல்லிக்கேணி. தி.நகரிலும் திருவல்லிக்கேணியிலும் தங்கிப் பார்த்துவிட்டு, கடந்த நான்கு பயணங்களாக எழும்பூரில் வந்து நின்றிருக்கிறேன். அது ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு எழுத்தும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் தாண்டிவிடலாம். கோவில், கடற்கரை, பழைய சென்னை வாசம் வேண்டுமென்றால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி. கடைகடையாக ஏறி இறங்கத் தி.நகர். விமானத்தில் வருகிறவர்களுக்கு மீனம்பாக்கம் பக்கம், ஐ.டி. வேலையாக வருகிறவர்களுக்கு ஓ.எம்.ஆர். இதில் புதிதாக ஒன்றுமில்லை. வாடகையிலும் நடுத்தரமான ஏசி அறைக்கு எழும்பூர், தி.நகர், திருவல்லிக்கேணி மூன்றுக்குள் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. இருநூறு முந்நூறு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

வித்தியாசம் இருப்பது வேறொரு இடத்தில். எத்தனை மணிக்கு உங்களுக்கு அறை கிடைக்கிறது, எத்தனை மணிக்குக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்பதில்.

தெற்கே இருந்து வருகிறவர்களின் பிரச்சினை இது. பாண்டியனோ நெல்லையோ பொதிகையோ, ராத்திரி ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்தில் சென்னை. திரும்புவதும் அப்படித்தான், ராத்திரி வண்டி. அதாவது நமக்கு அறை தேவைப்படுவது காலை ஆறு மணிக்கு. அதைவிட்டுக் கிளம்புவது கடைசி நாள் ராத்திரி எட்டரை மணிக்கு. ஆனால் பெரும்பாலான ஓட்டல்களின் கணக்கு மதியம் 12 முதல் மறுநாள் மதியம் 12 வரை. நம் நாளும் அவர்கள் நாளும் ஒட்டவே ஒட்டாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வியாழன் காலை 6 மணிக்கு வந்து சனி ராத்திரி கிளம்புகிறீர்கள். 12 மணிக் கணக்கில், வியாழன் காலையே அறை வேண்டுமென்றால் புதன் மதியத்திலிருந்து வியாழன் மதியம் வரை ஒரு நாள். வெள்ளி மதியம் வரை இரண்டு. சனி மதியம் வரை மூன்று. சனி சாயங்காலமும் அறை வேண்டுமென்றால் நான்கு. நீங்கள் இருந்தது இரண்டு ராத்திரி, கொடுப்பது நாலு நாள் வாடகை. 24 மணிக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் வியாழன் 6-லிருந்து வெள்ளி 6 ஒன்று, சனி 6 வரை இரண்டு, ஞாயிறு 6 வரை மூன்று. சனி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்கலாம். ஒரு நாள் வாடகை மிச்சம். 1,800 ரூபாய் அறை என்றால், மூன்று பேருக்கும் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு அது.

பணத்தை விடுங்கள். உடம்புக்கு வாருங்கள். சில வருஷங்களுக்கு முன் தி.நகரில் ஓர் ஓட்டலில் ஆப் மூலமாகப் பதிவு செய்திருந்தேன். மாம்பலத்தில் வண்டி நின்றது, இறங்கி ஐந்து மணிக்கெல்லாம் ஓட்டல் வாசலில் நின்றோம். வரவேற்பில் இருந்த பையன் தூக்கக் கலக்கத்தில், "சார், செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான்" என்றான். முன்கூட்டியே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை தனியாம், அதுவும் அறை காலியாக இருந்தால்தானாம், காலியாக இல்லையாம். அம்மா எழுபத்து மூன்று வயதில் சோபாவில் சாய்ந்தபடி ஏழு மணிநேரம். குளிக்கக்கூட வழியில்லை. கீழே இருந்த கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனோம். அம்மா வேறெதுவும் சொல்லவில்லை. "ரயிலடியிலேயே ஒரு ரூம் எடுத்திருக்கலாம்லப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ரயிலடி என்றால் எழும்பூர். நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலை, அதிலிருந்து உள்ளே போகிற கென்னட் லேன், சுற்றியுள்ள தெருக்கள் முழுக்க லாட்ஜ்கள். 1908-இல் திறந்த நிலையம் அது; அந்தக் காலத்திலிருந்தே ராத்திரி வண்டிக்காரர்களை நம்பிப் பிழைக்கும் வட்டாரம். அதனால்தான் 24 மணிக் கணக்கு இங்கே இன்னும் பிழைத்திருக்கிறது என்பது என் ஊகம். எல்லா லாட்ஜிலும் இல்லை. புதுப்பித்துக் கண்ணாடிக் கதவு போட்ட சில இடங்கள் 12 மணிக்கு மாறிவிட்டன. போன் போட்டு, "செக்-அவுட் 24 மணி நேரமா, 12 மணியா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். கேட்காமல் ஆப்பில் பதிவு செய்தால், 24 மணிக் கணக்கு வைத்திருக்கும் அதே லாட்ஜ்கூட ஆப்பில் வந்தவருக்கு 12 மணிக் கணக்குதான் என்று சொல்வதுண்டு. எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது. அதிலிருந்து நேரடியாக லாட்ஜுக்கே போன் செய்கிறேன். இன்னொன்று: பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது உள்ளே நுழைந்த நேரத்தைப் பாருங்கள். 6.10-க்கு வந்தவரை 5.30 என்று எழுதினால் கடைசி நாளில் அந்த நாற்பது நிமிஷத்துக்குச் சண்டை வரும்.

எழும்பூரின் அடுத்த சௌகரியம், அங்கிருந்து எங்கும் போகலாம் என்பது. தி.நகருக்கு மின்சார ரயிலில் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். டிக்கெட் 5 ரூபாய். மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023-இல் ஆகாய நடைபாதை திறந்த பிறகு, ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமலே மேலேயே நடந்துவிடலாம். வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் எல்லாம் எழும்பூர் மெட்ரோவில் ஏறினால் நேர் வழி. கோவை, சேலம் பக்கத்திலிருந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்கும் எழும்பூர் ஒரே ஒரு மெட்ரோ நிறுத்தம்தான். அம்மாவின் கண் டாக்டர் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில். ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிஷம். (1819-லிருந்து இருக்கும் அரசு கண் மருத்துவமனை எழும்பூரிலேயே இருக்கிறது. அங்கே காட்ட வருகிறவர்களுக்கு வேறு பேட்டையை யோசிக்கவே வேண்டாம்.) நேரம் மிஞ்சினால் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அது தெரியாமல் போய் நாங்கள் கேட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

குறை இல்லையா? நிறைய. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே "ரூம் வேணுமா சார், ஃபேமிலி ரூம் இருக்கு" என்று பெட்டியைப் பிடிக்கிறவர்கள். அவர்களோடு போனால் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தண்ணீர் பல இடங்களில் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். தெருவைப் பார்த்த அறை என்றால் ராத்திரி முழுக்க ஆரன். பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பார்த்தே தீர வேண்டும். குழாயைத் திறந்து, கதவுத் தாழ்ப்பாளைப் போட்டு, மெத்தை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வெட்கப்படக் கூடாது. குடும்பத்தோடு போனால் கீழே வரவேற்பில் வேறு குடும்பங்கள் தென்படுகின்றனவா என்பதையும் பார்ப்பேன். இரண்டு லாட்ஜ்களிலிருந்து அப்படியே திரும்பி நடந்திருக்கிறேன்.

நிலையத்திலேயே ரயில்வே ஓய்வறைகளும் உண்டு. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் பதியலாம். கிடைத்தால் பாக்கியம். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை.

தி.நகரை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். ஜவுளி மட்டுமே வேலை என்றால், வாங்கிய பையை அறையில் போட்டுவிட்டு மறுபடி கிளம்புகிற வசதி வேறெங்கும் கிடையாது. மூன்று மணிநேரம் பட்டுப்புடவை பார்த்த பிறகு கால் நீட்டிப் படுக்கப் பத்து நிமிஷத்தில் அறை என்பது சாதாரண விஷயமில்லை. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் என்றால் ஆட்டோ உள்ளே வரவே யோசிக்கும். பனகல் பார்க்கில் மெட்ரோ வேலைக்காக அடைத்த தடுப்புகளும் மாற்றுப் பாதைகளும் வேறு. கடைசி நாள் மதியம் அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை ஓட்டலிலேயே ஒரு மூலையில் வைத்துவிட்டு, ராத்திரி வரைக்கும் பாண்டி பஜார் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. நடைபாதை அழகாகத்தான் இருக்கிறது. ஆறு மணிநேரம் உட்காரும் அழகு இல்லை.

திருவல்லிக்கேணி என் மனசுக்கு நெருக்கம். வேலைத் தேர்வுகளுக்காக வந்து மேன்ஷன்களில் தங்கிய காலம் அது. காலை ஐந்து மணிக்கு மெரினா, அப்புறம் பார்த்தசாரதி கோவில், ரத்னா கஃபேயில் இட்லி மிதக்கச் சாம்பார். பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு கோவில் பக்கத்திலேயே நினைவில்லமாக இருக்கிறது. தனியாக வருகிற ஆணுக்கு இன்றைக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன், சிக்கனமும் அதுதான். குடும்பத்துக்கு மேன்ஷன் ஒத்துவராது. பல மேன்ஷன்களில் பெண்களை அனுமதிப்பதும் இல்லை. வாலாஜா சாலைப் பக்கம் குடும்ப லாட்ஜ்கள் இருக்கின்றன, ஆனால் சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் வாடகை ஏறிவிடும். நான் கடைசியாக அங்கே தங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதையும் சேர்த்தே இதைப் படியுங்கள்.

வடபழனியைப் பற்றி மைத்துனர் சொல்வதைத்தான் நானும் சொல்ல முடியும். சுற்றிக் கல்யாண மண்டபங்கள், முருகன் கோவில், வாசலில் மெட்ரோ. மயிலாப்பூரில் ஒரே ஒரு ராத்திரி தங்கினேன், பங்குனித் திருவிழாவின்போது. தேரும் அறுபத்து மூவரும் பார்த்த சந்தோஷத்தில் அறை எப்படி இருந்தது என்பதே ஞாபகமில்லை. அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது சரியில்லை.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்டப் பஸ்கள் கோயம்பேடு வரை வருவதில்லை. பஸ்ஸுக்காகவே கோயம்பேட்டைச் சுற்றி ரூம் போட்ட காலம் முடிந்துபோனது. பழக்கத்தில் இன்னும் அங்கே போட்டுவிட்டு, பெட்டியோடு ஊரைக் குறுக்கே கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் மாநகரப் பஸ்ஸிலோ, ஊரப்பாக்கம் அல்லது வண்டலூர் போய் மின்சார ரயிலிலோ ஊருக்குள் வர வேண்டும். எழும்பூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரே நாள் வேலை என்றால் அவர்களுக்குத் தாம்பரமே மேல்.

ரயில்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு லாட்ஜுக்குப் போன் செய்யுங்கள். தாம்பரம் என்றிருந்தால் அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் உண்டு, ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் பெட்டியோடு அதில் ஏறுவது தனி வீரம்.

கார்த்திகையில் மறுபடியும் போகிறோம், இந்தத் தடவை ரவிக்கை தைக்கக் கொடுத்து, அளவு பார்த்து, கையோடு வாங்கி வர வேண்டுமாம். மூன்று நாளும் வேலை உஸ்மான் ரோட்டை விட்டு நகராது, அம்மாவும் வரவில்லை. தி.நகரிலேயே போடச் சொல்லிவிட்டேன். செக்-இன் எத்தனை மணிக்கு என்று மட்டும் மனைவியே போன் செய்து கேட்டுக்கொண்டாள்.