பிஎச்பி கோர் லைப்ரரியும் நேம்ஸ்பேஸும்: கனகாலம் பாவிச்சதில பட்டது

கஸ்தூரியார் வீதிப் பக்கத்து நகைக்கடையளுக்கு பில்லிங் சிஸ்டம் செய்து குடுக்கிறது தான் என்ர வேலை, எல்லாமே பிஎச்பி எண்ட புரோகிராமிங் மொழியில, அதின்ர 5.3 வேர்ஷன் காலத்தில இருந்து. 2009 இல அந்த வேர்ஷனோட தான் நேம்ஸ்பேஸ் (ஒரே பேர் ரெண்டு வந்தாலும் முட்டாம பேருகளைப் பிரிச்சு வைக்கிற வழி) வந்தது, ஆனா அது எங்கட கோடுக்கு வந்ததே ஒழிய மொழியோடயே வாற கோர் லைப்ரரி முத்தத்தில கொட்டிவிட்ட சாமான் மாதிரி அப்பிடியே கிடந்தது. ஃபங்ஷனுகளுக்கு சாமான் குடுக்கிற ஒழுங்கும் ஒரே மாதிரி இல்லை: இன்-அரே எண்டா தேடுற சாமான் முதல், ஸ்ட்ர்பொஸ் எண்டா அது ரெண்டாவது, அரே-மேப்புக்கு கோல்பேக் (அது கூப்பிடவேண்டிய ஃபங்ஷன்) முதல், அரே-ஃபில்ட்டருக்கு அரே முதல்... எடிட்டர் காட்டாட்டி இண்டைக்கும் தடுமாற்றம் தான்.

நேம்ஸ்பேஸ் எண்டா வடிவா அடுக்கி வைக்கிறதுக்கு எண்டு தான் கனபேர் நினைக்கினம். பாவிச்சுப் பாத்தா உது சின்ன லாபம், பெரிய லாபம் என்னெண்டா பழசில கை வைக்காம புதுசைப் பக்கத்தில கொண்டுவந்து வைக்கலாம். நேம்ஸ்பேஸ் இல்லாத காலத்தில, 5.1.0 இல கோருக்குள்ள டேட் எண்டொரு கிளாஸைப் போட, பியர் எண்ட வெளி லைப்ரரியில ஏற்கனவே அதே பேரில ஒண்டு இருந்து ரெண்டும் முட்டுப்பட்டு 5.1.1 இல அதை நிப்பாட்டவேண்டி வந்தது எல்லே.

எனக்கு உண்மையா உதவினது 8.4 இல வந்த, பிசிமேத் (தசமக் கணக்கைப் பிசகாமச் செய்யிற பகுதி) நேம்ஸ்பேஸுக்குள்ள இருக்கிற நம்பர் கிளாஸ். பவுண் கணக்கு ஃப்ளோட்டில (தசமத்தைக் கிட்டமுட்ட வைக்கிற எண் வகை) செய்யேலாது, கடைக்காரர் சதத்தையும் விடாயினம். பழைய பிசிமல் எண்ட பெருக்கல் ஃபங்ஷனுக்கு ஸ்கேல் (எத்தினை தசம இடம் எண்டது) குடுக்காம 3.725 கிராமை 2 ஆல பெருக்கினா, ஐஎன்ஐ செட்டிங் ஃபைலிலயும் ஒண்டும் மாத்தாட்டி, 7 எண்டு தசமத்தை வெட்டிப்போட்டுத் தரும். இப்ப நம்பர் கிளாஸில சும்மா பெருக்கல் குறியைப் போட்டா 7.450 எண்டு வருது, கூலி சேதாரம் எல்லாம் ஒரே வரியில எழுதலாம், வாசிக்கிறவனுக்கும் விளங்கும்.

எச்டிஎம்எல் பக்கங்களை வாசிச்சு மாத்திற டொம் பக்கமும் அப்பிடித் தான். பழைய டொம்டொக்கியூமென்ட் கிளாஸ், சார்செட் (எழுத்துக் குறியீட்டு வகை) சொல்லாத எச்டிஎம்எல்லில தமிழ் எழுத்தைக் குதறி வைக்கும், 8.4 இல டொம் நேம்ஸ்பேஸுக்குள்ள வந்த புதுசில அந்த என்கோடிங்கை நாங்களே குடுக்கலாம், எச்டிஎம்எல் 5 உம் ஒழுங்கா விளங்குது. 8.2 இல வந்த, எழுமாறா எண் எடுக்கிற ரண்டமைசரும் நல்லது, எனக்கு அவ்வளவு தேவைப்படேல்லை.

அலுப்பு ஒண்டு இருக்கு. நேம்ஸ்பேஸுக்குள்ள இருந்து ஸ்ட்ர்லென் ஃபங்ஷனைக் கூப்பிட்டா அங்க இல்லாட்டி குளோபலில (நேம்ஸ்பேஸ் இல்லாத பொது இடத்தில) போய்த் தேடி எடுக்கும், ஆனா டேட்டைம் கிளாஸை அப்பிடிக் கூப்பிட்டா கிளாஸ் இல்லை எண்டு எரர் அடிக்கும், முன்னுக்கு பாக்ஸ்லாஷ் போடோணும் இல்லாட்டி யூஸ் வரி போடோணும். புதுசா வேலைக்கு வாற பெடியள் எல்லாம் முதல் கிழமை உதில தான் மாயிறாங்கள்.

பழைய ஃபங்ஷன் எல்லாத்தையும் நேம்ஸ்பேஸுக்குள்ள மாத்தோணும் எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது தேவையில்லாத வேலை, ஒரே சாமானுக்கு ரெண்டு பேர் வந்தா ஆர் மினக்கெடுறது. எனக்கு இப்ப உள்ள தலையிடி வேற, ஒரு கடையின்ர ஹோஸ்டிங் இன்னும் 8.1 இல நிக்குது, அவைக்கு மட்டும் பிசிமல் தான்.