அரபு காலிகிராஃபி செட்: காசுக்கு எது தேறும், எது தேறாது

இணையக் கடைகளில் அரபு காலிகிராஃபிக்கான தொடக்கநிலை செட் என்று தேடினால், பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே பெட்டிதான் வருகிறது. நாலைந்து நாணல் பேனா, ஒரு புட்டி கறுப்பு மை, சின்னப் புட்டியில் தங்க நிற மை, கொஞ்சம் வழவழப்பான தாள், எழுத்து மாதிரி அச்சிட்ட மெல்லிய புத்தகம். விலை ஏறினால் மரப்பெட்டியும் பித்தளை மைக்கூடும் சேரும். ரமலான் நெருங்கும்போது பரிசு கொடுக்க நிறையப் பேர் வாங்குகிறார்கள். பரிசாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, அலமாரியில் அழகாக நிற்கும். உட்கார்ந்து எழுதப் பழக வேண்டும் என்றால் பெட்டியில் பாதி தேறாது. அந்தப் பாதி எது என்று தெரிந்தால் மீதியை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். பேனாவை மையில் தொட்டு, தாளில் சாய்வாகப் பதித்து, நுனி எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் மட்டும் இழுத்து நிறுத்துங்கள். நான்கு மூலையும் கத்தி வெட்டியதுபோல் நிற்கும் சாய்சதுரம் ஒன்று விழ வேண்டும். இதன் பெயர் நுக்தா, அதாவது புள்ளி. எழுத்து எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல். எழுத்துகளுக்கு இப்படி விகிதம் வகுத்த பெருமையை, அப்பாசியர் ஆட்சியில் பக்தாதில் அமைச்சராக இருந்து 940இல் இறந்த இப்னு முக்லாவுக்குக் கொடுப்பார்கள். அரபின் முதல் எழுத்தான அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம், மற்ற எழுத்துகளின் வளைவுகள் அந்த வட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. துலுத் என்ற எழுத்து வகையில் அலிஃபுக்கு 7 புள்ளி, நஸ்தலீக் என்ற வகையில் 3 புள்ளி. பேனாவின் அகலத்தை மாற்றினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும், விகிதம் அசையாது. குவிமாடத்தைச் சுற்றி ஓடும் வசனத்துக்கும் உள்ளங்கையில் அடங்கும் குர்ஆன் பிரதியான முஸ்ஹஃபுக்கும் கணக்கு ஒன்றே.

இந்தக் கலையில் ஆன்மிகம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் அந்தப் புள்ளியைத்தான் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஓர் அளவின்படியே படைத்ததாகக் குர்ஆன் 54:49 சொல்கிறது. உருவங்களுக்கு இடமில்லாத பள்ளிவாசல் சுவரில் இறைவனின் சொல்லே நேராக வந்து நிற்கிறது, அதைத் தாங்கும் எழுத்து அளவு தப்பக் கூடாது. எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு வளைவை நீட்டிவிட முடியாது, கை அளவுக்குப் பணிய வேண்டும். ஆக, மூலை மழுங்கிய புள்ளி போடும் பேனா என்பது அழிந்துபோன அளவுகோல். அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பழகினாலும் கண்ணுக்கு அளவு பிடிபடாது.

பெரும்பாலான செட் பேனாக்கள் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடுகின்றன. ரம்பத்தால் அறுத்து, நுனியை உப்புத்தாளில் தேய்த்து அனுப்புகிறார்கள். நாணலின் வெளித்தோல்தான் கெட்டியான பகுதி, கோட்டின் விளிம்பு கூர்மையாக விழுவது அதனால்தான். தேய்க்கும்போது அந்தத் தோல் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் மெத்தென்ற நார் மையைக் குடித்து ஊதிக்கொள்கிறது. நுனியின் நடுவில் பிளவும் இருப்பதில்லை. பிளவு இல்லையென்றால் மை ஒரே சீராக இறங்காது. முதல் இழுப்பில் கொட்டும், இரண்டாவது இழுப்பில் பாதியில் காயும்.

இதற்காகப் பேனாவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தண்டின் சுவர் தடிமனாக, நிறம் நல்ல பழுப்பாக, மேஜையில் தட்டினால் கணீரென்று இருந்தால் மறுபடி சீவிக்கொள்ளலாம். வெளுத்து, லேசாக, நகத்தால் அழுத்தினால் குழியும் தண்டு தேறாது. ஈரானில் திஸ்ஃபூல் பக்கத்து நாணலுக்குத்தான் பேர். தனியாக வாங்குவதாக இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம்.

சீவும் முறை இது. நுனியிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டி வாய் திறக்க வேண்டும். வாயின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சோற்றைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும், மிச்சம் இருந்தால் அது மையைத் தேக்கிவைத்துத் தாளில் கொட்டும். பிறகு இரண்டு பக்கமும் சமமாகச் சீவி, தேவையான அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். நஸ்க் என்ற சிறிய எழுத்து வகைக்கு 1 மி.மீ. போதும், துலுத் பழக இரண்டரையிலிருந்து 3 மி.மீ. நடுவில் நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பிளவு. பிளவு கோணலாகப் போனால் அகலமான பாதி கனமாகவும் ஒல்லியான பாதி சன்னமாகவும் எழுதும், அப்படியானால் அந்த நுனியை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே மேல். கடைசியாக நுனியைச் சாய்வாக வெட்ட வேண்டும். துலுத், நஸ்க் இரண்டுக்கும் சுமார் 30 முதல் 35 டிகிரி. இந்தச் சாய்வு வெட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 1298இல் இறந்த யாகூத் அல்முஸ்தஃஸிமி என்பது மரபு. பிளவின் இரு பாதிக்கும் தனிப் பெயர் உண்டு: ஒன்று இன்ஸீ, மனிதப் பக்கம். மற்றது வஹ்ஷீ, காட்டுப் பக்கம்.

அந்தக் கடைசி வெட்டுக்கு மக்தா வேண்டும். தந்தத்திலோ எலும்பிலோ முத்துச்சிப்பியிலோ செய்த விரல் நீளப் பட்டை அது. பேனா உருளாமல் உட்கார அதில் ஒரு சின்னக் குழி இருக்கும். பெரும்பாலான செட்களில் இது வருவதில்லை. கடினமான பிளாஸ்டிக் பட்டை ஒன்று போதும். பேனாவை வைத்து, கத்தியை மேலே பதித்து, ஒரே அழுத்து. தக் என்று சத்தம் வந்தால் வெட்டு சுத்தம். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் நார் பிரியும், புள்ளியின் ஓரத்தில் மீசை முளைக்கும். செட்டோடு வரும் மடக்குக் கத்திகள் இதற்கு லாயக்கில்லை. தடித்த பிளேடு உள்ள, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த மரவேலைக் கத்தி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜாவா பேனா என்று கறுப்பாக, ஊசி மாதிரி மெல்லிய குச்சி ஒன்றை விலை கூடிய செட்களில் வைக்கிறார்கள். அது நாணல் இல்லை, ஒரு வகைப் பனையின் கரிய நார்க்குச்சி. எளிதில் தேயாது என்பதால் முழுக் குர்ஆன் பிரதி எடுப்பவர்கள் நஸ்க்குக்கு இதைத்தான் விரும்புவார்கள். பக்கத்துக்குப் பக்கம் எழுத்தின் தடிமன் மாறாது. புதிதாகப் பழகுகிறவருக்கு இது தேவையே இல்லை, பெரிய எழுத்தில் பிழை தெரிந்தால்தான் கை திருந்தும்.

மைக்கு வருவோம். செட் மையை ஒரு சொட்டு வழவழப்பான தாளில் விட்டுக் காயவையுங்கள். ஈர விரலால் தேய்த்தால் கரைந்து வந்தால் அது கரி மை, வைத்துக்கொள்ளலாம். அசையாமல் இருந்தால் அரக்கோ அக்ரிலிக்கோ கலந்த வரைகலை மை. அது பிளவுக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும், நாலு வரிக்கு ஒரு தடவை பேனாவைக் கழுவ வேண்டியிருக்கும். பழைய முறை மையில் மூன்றே பொருள்: எண்ணெய் விளக்கின் புகைக்கரி, அரபுக் கோந்து, தண்ணீர். அரைப்பதில்தான் முழு வேலையும், அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இஸ்தான்புல்லில் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டி 1557இல் முடித்த சுலைமானியா பள்ளிவாசலில், விளக்குகளின் புகை காற்றோட்டத்தோடு வாசலுக்கு மேலிருக்கும் அறைக்குப் போய்ச் சேரும்படி அமைத்து, அங்கே படியும் கரியை மைக்கு எடுத்ததாகச் சொல்வார்கள். தொழுகைக்கு எரிந்த வெளிச்சம் குர்ஆன் எழுத மையாகும் ஏற்பாடு.

மை கெட்டியாக இருந்தால் பேனா இழுபடும், சன்னக் கோடு விழாது. சில சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் சேர்க்கலாம். நீர்த்துப்போனால் வளைவின் முடிவில் மை குளமாகத் தேங்கி, காய்ந்தபின் ஓரம் கறுத்து நடு வெளுத்திருக்கும். அதற்கு மருந்து, மூடியைத் திறந்து வைத்து இரண்டு நாள் காயவிடுவதுதான்.

பித்தளை மைக்கூட்டுக்குள் வெறும் மையை ஊற்றித் தோய்ப்பது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு. கூட்டுக்குள் லீகா வேண்டும், அதாவது பட்டு இழைப் பந்து. பந்து முழுக்க நனைந்திருக்க வேண்டும், மேலே மை நிற்கக் கூடாது. நுனியை அதில் ஒற்றி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மை ஏறும், நுனி உலோகத்தில் மோதி உடையாது, கூடு சாய்ந்தாலும் கொட்டாது. சில செட்களில் லீகா என்று வைத்திருப்பது பாலியஸ்டர். ஒரு இழையை எரித்துப் பாருங்கள்: முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு, உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். பஞ்சும் ஆகாது, அதன் இழை நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து கோட்டைக் கெடுக்கும். நம்மூரில் இதற்குக் கவலையே இல்லை. காஞ்சிபுரம், ஆரணி நெசவாளர்களிடம் சாயம் ஏற்றாத பட்டு நூல் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அலசிக் காயப்போட்டுப் பயன்படுத்தலாம்.

செட் தாளைப் பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் அச்சகத்து ஆர்ட் பேப்பர்தான். அதே தாள், 130 ஜி.எஸ்.எம்., வெட்டி மீந்த துண்டுகளாக அச்சகங்களில் எடைக்குக் கிடைக்கும். ஆனால் அதில் திருத்த முடியாது. ஈரம் பட்டால் மேல்பூச்சு மையோடு உரிந்து வந்துவிடும். நிரந்தரமாக வைக்கும் எழுத்துக்கு ஆஹர் என்னும் முட்டைப் பூச்சு பூசிய தாள் வேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் ஒரு துண்டுப் படிகாரத்தைப் போட்டு நுரைக்கக் கலக்கி, அது தெளிந்து நீர்த்ததும் மல் துணியில் வடிகட்டி, தேயிலைச் சாயம் ஏற்றிய தாளில் இரண்டு கை பூச வேண்டும். காய்ந்த ஒரு வாரத்துக்குள் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றிவிட வேண்டும், தாமதித்தால் பூச்சு இறுகி, கல் படும்போது விரிசல் விடும். படிகாரம் கூடினாலும் பூச்சு நொறுங்கும். மெருகேற்றிய தாளைக் குறைந்தது ஒரு வருஷம் பாரம் வைத்துப் பழசாக்குவது மரபு. அந்தத் தாளில் கரி மை மேலேயே நிற்கும், தவறிய ஓரத்தைக் கத்தி முனையாலோ ஈரத் தூரிகையாலோ எடுத்துவிடலாம். மை ஒட்டாமல் திரண்டு விலகினால் சாக்குக்கட்டித் தூளை லேசாகத் தடவித் துடைத்தால் சரியாகும்.

புது ஆஹர் தாளைப் 'பழமையானது' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஓரத்தை மெல்ல வளைத்து, ஒரு மூலையில் மை தொட்டு ஈரத்தால் எடுத்துப் பாருங்கள். பூச்சும் சேர்ந்து வந்தால் தாள் புதுசு. சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை பூஞ்சணம். முட்டைப் பூச்சும் ஈரக்காற்றும் சேர்ந்தால் மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், பூச்சி அரிக்காமலும் இருக்கும்.

பெட்டியில் மிக மோசமான பொருள் மாதிரிப் புத்தகம்தான். கம்ப்யூட்டர் எழுத்துருவை அச்சிட்டு, பக்கத்தில் புள்ளிகளை ஒப்புக்கு அடுக்கியிருக்கிறார்கள். அலிஃபுக்குப் பக்கத்தில் 7 புள்ளி இருக்கும், அளந்து பார்த்தால் அலிஃப் ஆறரைக்கும் குறைவாக நிற்கும். எழுத்துருவில் கோட்டின் தடிமன் பேனா திரும்புவதால் வருவதில்லை, ஆகவே பார்த்து எழுதும் கைக்கு எங்கே திரும்புவது என்று புரியாது. துருக்கிய வழிக்கு ஷெவ்கி எஃபந்தியின் (1829–1887) மாதிரிகளும், அரபு நாடுகளின் வழிக்கு 1973இல் மறைந்த ஹாஷிம் அல்பக்தாதியின் மாதிரிகளும் இன்றும் பாடமாக இருக்கின்றன. அவற்றின் நல்ல பிரதி ஒன்று, முழு செட்டையும்விட உபயோகம். தமிழை அரபு லிபியில் எழுதும் அர்வியில் கை வைக்க நினைப்பவர்களும் முதலில் நஸ்க்கை முடித்துவிடுவது நல்லது. தமிழ் ஒலிகளுக்காக அர்வியில் சேர்த்த கூடுதல் குறிகள், அடிப்படை எழுத்து உறுதியான பிறகுதான் அழகாக உட்காரும்.

உஸ்தாத், அதாவது ஆசிரியர், இல்லாமல் இது ஓரளவுக்கு மேல் போகாது. உஸ்மானிய வழியில் முதல் பாடம் தனி எழுத்துகூட இல்லை, ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை: இறைவா, எளிதாக்கு, சிரமமாக்காதே, நல்லபடி முடித்துவை. சில மாணவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் ஓடும். வாராவாரம் உஸ்தாத் அதன் அடியில் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பார். இப்போது இணையத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணம் கட்டுமுன், தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால் கையால் திருத்தித் தருவார்களா என்று மட்டும் கேளுங்கள். வெறும் வீடியோ வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

பழகிய தாள்கள் மலையாகச் சேரும். இறைவன் பெயர் உள்ளதைக் குப்பையில் போட மனம் வராது, போடவும் கூடாது. கரி மை என்றால் தண்ணீரில் ஊறவைத்து எழுத்தைக் கரைத்துவிடலாம், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். அரக்கு மை வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தங்க நிற மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெண்கலத் தூளாக இருந்தால் நாளடைவில் கறுத்தோ பச்சை பிடித்தோ போகும், மைக்காத் தூளாக இருந்தால் நிறம் நிற்கும், ஆனால் தங்கம்போல் ஒளிராது. அசல் ஓரச் சித்திரங்களில் இருப்பது 24 காரட் தங்க ரேக்கு, கோந்தோடு விரலால் குழைத்துத் தூரிகையில் பூசி, அகேட் கல்லால் தேய்த்தது. புட்டியை வாழ்த்து அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாணல் பேனாவில் மட்டும் தொடாதீர்கள், பிளவில் தூள் அடைத்தால் நுனியை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.