புளித்துப்போன கிடங்கு: பழக்கழிவும் சாணமும் கலந்த பயோகாஸ், ஐந்து ஆண்டு அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் எங்கள் வளவின் பின்புறம், மாட்டுக் கொட்டிலை அடுத்து, அடுப்பெரிக்கும் வாயு எடுப்பதற்காக 6 கன மீற்றர் கொள்ளளவுள்ள குவிமாடக் கிடங்கொன்றை 2020 இல் கட்டினோம். அப்போது சாணத்தை மட்டுமே நம்பியிருந்தோம். சந்தையில் கழிக்கப்படும் பழங்களையும் சேர்த்துப் பார்க்கும் யோசனை, 2022 இல் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களில்தான் வந்தது.

25 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கன மீற்றர் வாயு கிடைக்கும். ஒற்றை அடுப்பு இரண்டரை மணித்தியாலம் வரை எரியும். நறுக்கிய பழக்கழிவு 5 கிலோவை அதனுடன் சேர்த்தால் மேலும் முக்கால் மணித்தியாலம் எரிகிறது. தின்ற தீனியில் இலகுவாகச் செரிப்பதை மாடே எடுத்துக்கொண்டுவிடுகிறது. பழத்தின் சீனியோ முழுதாகக் கிடங்குக்கு வருகிறது.

வில்லங்கமும் அந்தச் சீனியில்தான். 2023 மாம்பழக் காலத்தில், சும்மா கிடைக்கிறதே என்ற ஆசையில், நாளுக்கு 40 கிலோ வரை அழுகிய மாம்பழத்தை நான்கு நாட்கள் தொடர்ந்து போட்டேன். ஐந்தாம் நாள் காலை அடுப்பைத் திருகினால் வாயு சீறிக்கொண்டு வருகிறது. ஆனால் பற்றவில்லை, நெருப்புக்குச்சியையும் அணைத்துவிடுகிறது. செரித்த கரைசல் வந்து சேரும் வெளித்தொட்டியில் நுரை தள்ளி, பழங்கள்ளின் வாடை அடித்தது. "இஞ்சாருங்கோ, உங்கட கிடங்கு புளிச்சுப் போச்சு" என்றார் மனைவி. அவர் சொன்னது அப்படியே சரி. சீனியை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமானவை, அந்த அமிலத்தை எரியும் மீதேனாக மாற்றுபவை மந்தமானவை. அமிலம் மிஞ்சினால் பின்னவை முடங்கிப்போக, எரியாத காபனீரொட்சைட்டே பெருகுகிறது. பழத்தை முற்றாக நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அயல் வீட்டில் புதுச் சாணம் கேட்டு வாங்கிப் போட்டு, நீலச் சுவாலையை மீண்டும் காண 19 நாட்கள் சென்றன.

இப்போது ஐந்து பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு பழம் என்பதை மீறுவதில்லை. வாழைப்பழம், பப்பாசி, வத்தகப்பழம் ஆகியவற்றால் தொல்லை இல்லை. மாங்கொட்டை கரையாது, தேசிக்காய், தோடம்பழத் தோல்களிலுள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கழிவைக் குவித்து வைப்பதும் கூடாது; குரங்கும் பன்றியும் நம்மை முந்திவிடும்.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் மணல். கொட்டில் சாணம் போதாத நாட்களில் பட்டிச் சாணம் வாங்குகிறோம்; பட்டியில் மண்வெட்டியால் வழித்தெடுக்கும்போது மணலும் சேர்ந்தே வரும். நான்காம் ஆண்டில் வாயு குறைந்துகொண்டே போனதால், மூடியைத் திறந்து ஒரு வாரம் காற்றாட விட்டு, அப்போதும் உள்ளே எவரையும் இறக்காமல், நீண்ட தடியில் கட்டிய வாளியால் அள்ளினோம். அடியில் ஓர் அடிக்கு மேல் மணல் இருந்தது. அதன்பின் கரைசலைப் பத்து நிமிடம் அசையாமல் விட்டு, மணல் அடியில் படிந்தபின் மேலாக நிற்கும் கரைசலையே உள்ளே விடுகிறோம். கலக்கும் தொட்டியின் அடியைக் கையால் தடவி மணலை அள்ளுவது மகனுடைய வேலை. சில நாட்களில் இரண்டு சிரட்டை தேறும்.

சுவாலை மஞ்சளாகித் துள்ளினால் பயப்பட வேண்டியதில்லை. குழாயில் நீர் தேங்கியிருக்கும். தாழ்வான இடத்திலுள்ள திருகைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

ஆவணியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றடித்துக் கிணறு அடிமட்டத்துக்குப் போகும்போது, வெளித்தொட்டிக் கரைசலில் பாதியை எடுத்துப் புதுச் சாணத்தைக் கரைக்கிறோம். ஆனால் அது வாழைக்குப் போக வேண்டிய பசளை. அடுப்புக்கா வாழைக்கா என்று வீட்டில் வழக்கு நடக்கும். வாழை வென்ற நாட்களில் குசினியில் விறகு எரியும்.