காரைக்குடியில் விற்பனைக்கு ஒரு போர்க்காலக் கடிதக் கட்டு: வாங்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்கள் தேக்குத் தூணையும் எனாமல் தூக்கையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காகிதம் கிடக்கும் மூலையை யாரும் சீண்டுவதில்லை. அங்கே ஒரு கடையில் இப்போது 21 கடிதங்கள் சணல் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்தபின் தமு, இம்பால் வழியாக நடந்தே தப்பி வந்து தேவகோட்டையில் ஒதுங்கிய குடும்பம். அப்பா பர்மாவில் ஒரு செட்டியார் கடையின் கணக்குப்பிள்ளை. அவர் மகளைத் திமாப்பூர் அகதி முகாமில் கண்ட சிப்பாய் எழுதியவை இவை.

அசல்தானா? உறையே சொல்லிவிடும். முத்திரையில் ஊர்ப்பெயருக்குப் பதில் எஃப்.பி.ஓ. (ராணுவத்தின் களத் தபால் நிலையம்) என்றும் ஓர் எண்ணும், பக்கத்தில் தணிக்கை முத்திரையும் இருக்கின்றன. முகவரியில் ராமநாதபுரம் ஜில்லா. தேவகோட்டை இப்போது இருக்கும் சிவகங்கை மாவட்டம் 1985ல் வந்தது, பின்கோடு 1972ல். இரண்டில் எது தென்பட்டாலும் தொடவே வேண்டாம். லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. ஆனால் 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெரியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள், அதனால் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். போருக்குப் பின் வந்த, வெளுப்பூட்டிய காகிதம் நீலமாக ஒளிரும். இவை ஒளிரவில்லை.

முதல் ஆறு கடிதங்கள் அப்பாவுக்கு. மகளைப் பற்றிய விசாரிப்பு கடைசி வரியில் மட்டும். ஏழாவது நேரே அவள் பெயருக்கே வருகிறது. இருக்கும் இடத்தை எழுதத் தணிக்கை விடாது. அதனால் மழையை எழுதுகிறான், ரேஷன் அரிசியை எழுதுகிறான். நடையில் வந்த கால் புண் ஆறிற்றா என்று ஒன்பதாவதில் மூன்று இடத்தில் கேட்கிறான். காதல் என்று எங்கும் எழுதவில்லை. வரிசையாகப் படித்தால்தான் அது தெரியும்.

கடையின் மேல் எங்களுக்கு உள்ள வருத்தம் இதுதான்: உதிரியாகவும் கொடுக்கிறார்கள். முத்திரை சேகரிப்பவர்களுக்காக இரண்டு உறைகளின் மூலையை ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். உதிரிக்கு 500 ரூபாய், மொத்தமாகக் கேட்டால் 8,000க்கு இறங்குகிறார்கள். தயவுசெய்து மொத்தமாகவே வாங்குங்கள்.

கயிற்றை அவிழ்த்ததும் உறையின் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் வரிசை எண் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கினால் காகிதம் கையோடு வரும். ஊசிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாக நகர்த்தி எடுக்க வேண்டும். மடிப்பில் கிழிந்த இடத்துக்கு செலோடேப் கூடாது. பசை பழுத்துக் கறையாகிவிடும். லேமினேஷன் அதைவிடக் கெடுதல், திரும்ப எடுக்கவே முடியாது. பாலியெஸ்டர் உறையில் போட்டு, பூச்சி அரிக்காத தகரப் பெட்டியில் வையுங்கள். பி.வி.சி. உறை ஆகாது.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. 75 வருஷம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்கள் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. உள்ளூரில் சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டு, படம் பிடித்துக்கொண்டு போங்கள்.